தேக்கு: மரம் சென்ற வழியும் சொல் சென்ற வழியும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் பாறசாலை உள்ளது. அதனை அடுத்திருப்பது களியக்காவிளை. முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை இரண்டும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. எல்லைக்கு இருபுறமும், தமிழிலும் மலையாளத்திலும், ஒன்றாகவே வழங்கும் மரப்பெயர்களுள் ஒன்று தேக்கு. இந்திய, பர்மியத் தேக்கு ஏற்றுமதியை ஒப்பிடுமிடத்து மரத்தின் வரலாற்றோடு சொல்லின் வரலாற்றையும் சேர்த்து நோக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. சொல்

தேக்கின் இலை சங்கப் பாடல்களிலேயே பேசப்படுகிறது. மேலைக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இப்பெயரை ‘தேக்கா’ எனக் கொண்டனர். அதன்வழி ஆங்கிலம் ‘டீக்’ என ஏற்றது. சிங்களத்திலும் ‘தேக்கா’ என்றே வழங்குகிறது. வட இந்தியாவின் ‘சாக்வான்’, அரபியின் ‘சாஜ்’ ஆகியன ‘சாக’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையவை. பர்மியர் இம்மரத்தைக் ‘ச்யூன்’ என்பர். எனினும் உலகச் சந்தையில் பர்மிய மரமும் ‘பர்மா டீக்’ என்றே விலைபோயிற்று. அயல்நாட்டு மரம் நம் சொல்லைத் தாங்கிச் சென்றது என்பது நோக்கத்தக்கது.

2. மரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்த் தேக்கே முதன்மை பெற்றிருந்தது. பம்பாயில் 1817-இல் அத்தேக்கால் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் உள்ளது. கப்பல் தேவைக்காக 1806-இல் வாட்சன் என்பார் காட்டுப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். திருவிதாங்கூரில் தேக்கு அரசுக்குரிய மரம். குடிகளின் நிலத்தில் வளர்ந்தாலும் அரசுக்கே உரியது. காடு குன்றவே, 1840-களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்கு நடுவித்தார். அம்மரம் சாலியாற்றில் மிதந்து கல்லாயியை அடைந்தது.

பர்மாவிலோ ஆறுகள் பெரியவை, காடுகளும் பரந்தவை. 1826-இல் தெனாசெரிமும் 1852-இல் பெகுவும் ஆங்கிலேயர் வசமாயின. மௌல்மீனும் இரங்கூனும் மரத்துறைகளாயின. 1863-இல் தோன்றிய பம்பாய் பர்மா வணிகக் கழகத்தின்மீது பர்மிய அரசு விதித்த தண்டமே 1885-ஆம் ஆண்டுப் போருக்கு உடனடிக் காரணமாயிற்று. தேக்கு வணிகத்தின் முதன்மை கிழக்கே பெயர்ந்தது.

3. எல்லை

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே இரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்த தேக்கு உள்நாட்டுக் கடலோர வணிகம். அதற்குப்பின் அதுவே இறக்குமதி. மரமும் வழியும் மாறவில்லை, எல்லையே மாறியது. இம்மாற்றத்தைக் கருதாது இரு காலப் பட்டியல்களையும் அருகருகே வைப்பின், நிகழாத வளர்ச்சியோ வீழ்ச்சியோ நிகழ்ந்ததாகத் தோன்றும். பாறசாலை எல்லைக்கும் இது பொருந்தும்: 1956-க்கு முன் விளவங்கோடு வட்டத்து மரம் நெய்யாற்றின்கரைக்குச் செல்வது உள்வணிகமாகவே இருந்தது.

4. முடிவு

2014 ஏப்ரல் முதல் மியன்மர் தேக்குத் தடி ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதன் தடிகளைப் பெருமளவில் வாங்கிவந்த இந்தியா, ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கை மேலும் நாடலாயிற்று. கப்பல் கட்ட மரம் அளித்த நாடு கதவுக்கு மரம் வாங்கும் நாடாயிற்று. சொல்லோ ஏற்றுமதியானபடியே நிற்கிறது. வணிகக் கணக்கு எல்லைக்கேற்ப மாறும்; சொல் தோன்றிய இடத்தை மறப்பதில்லை. எனவே பொருளாதார வரலாற்றுக்குச் சொல்லாய்வு ஒரு துணைச்சான்றாகக் கொள்ளத்தக்கது எனலாம்.