இயந்திரம் மாறும்போது எழுத்து என்னாகிறது?

திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் மதிலகம் ஓலைச் சுருணைகளை அணுகும் ஆய்வாளரைத் தடுப்பது ஓலையின் சிதைவு மட்டுமன்று, எழுத்தும்தான். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகியவற்றைப் படிக்கவல்லோர் இன்று மிகச் சிலர். ஓலை எஞ்சியது, அதை வாசிக்கும் முறை அருகியது.

கணினி வரலாற்றிலும் இதே நிலையைக் காண்கிறோம். ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளைப் படியெடுப்பது எளிது. அக்கோப்புகளை எவ்வாறு வாசிப்பது என்பதைப் பழைய இயந்திரம் தன் அமைவுகளில் பொதிந்து வைத்திருந்தது. அதை உடன் கொண்டுசெல்வதே கடினம்.

2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இந்நகரில்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. அவ்வாண்டில் கேரளச் சட்டப்பேரவை கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இத்தகைய மாற்றங்களின்போது இந்திய மொழி அலுவலகங்கள் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் எழுத்துருவைச் சார்ந்தது.

ஒருங்குறிக்கு முந்தைய மலையாள எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் மலையாள வடிவங்களை அமர்த்தின. அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறியில் அரசாணையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். எழுத்துக்கு எழுத்து மாற்றுவதும் போதாது. பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன் பதிவாகும். ஒருங்குறியில் மெய்க்குப் பின் பதிவாகும். ஆகவே சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் ‘பய்யன்ஸ்’ மாற்றி, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனிப் பொருத்தப் பட்டியலை நாடுகிறது. பட்டியல் தொலைந்தால் கோப்பு இருந்தும் ஆவணம் இல்லை.

ஒருங்குறிக்கு மாறியபின்னும் சிக்கல் தீரவில்லை. மலையாளச் சில்லெழுத்துகள் முதலில் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறி என்னும் மூன்றின் வரிசையாகப் பதிவாயின. 2008இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 பதிப்பு ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகளை வழங்கியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தரவுத்தளத்துக்கு இரண்டாயிற்று.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இதற்கெனவே ஓர் அமைவு சேர்க்கப்பட்டது. அது உள்ளே வரும் பழைய வரிசையைப் புதிய குறியீடாக மாற்றியது. ஏற்கெனவே சேமிக்கப்பட்ட தலைப்புகளையோ தனி நிரல் கொண்டு சீர்செய்தாக வேண்டியிருந்தது. அதைச் செய்யாது அமைவை மட்டும் மாற்றியபோது, வாசகர் தேடிய சொல் புதிய வடிவிலும் தலைப்பு பழைய வடிவிலும் நின்றன. பக்கம் அழியவில்லை, ஆயினும் அதை எவராலும் அடைய இயலவில்லை.

தமிழுக்கும் இது அயலானதன்று. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் டாம், டாப் குறியேற்றங்களிலும் அவற்றுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்யப்பெற்ற ஆய்வேடுகள் பல குறுவட்டுகளில் உறங்குகின்றன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அவ்வேடுகள் தாமாக மாறிவிடவில்லை.

எனவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கணிப்பொறியை அகற்றுமுன் கோப்புகளோடு எழுத்துருவையும், குறியேற்றத்தின் பெயரையும், மென்பொருளின் பதிப்பெண்ணையும், அமைவுக் கோப்புகளையும் படியெடுத்து வையுங்கள். ஓலையைக் காத்து எழுத்தை இழந்த வரலாறு நம் கண்முன் உள்ளது. அதை மீண்டும் எழுத வேண்டியதில்லை.