பழைய சொகுசு கார் குடும்பத்துக்கு ஒத்து வருமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிய பெரோடுவா மைவியின் விலைக்கு, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய மெர்சிடிஸ் இ-கிளாஸ் அல்லது பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் கிடைக்கிறது. செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்களைப் புரட்டினால் இப்படி நிறையப் பார்க்கலாம். தோல் இருக்கை, அமைதியான எஞ்சின், விசாலமான பின் இருக்கை. "அதே காசுதானே, இதையே எடுத்துடலாமே" என்று தோன்றுவது இயல்பு.

சில குடும்பங்களுக்கு அது நல்ல முடிவாகவே அமைந்திருக்கிறது. சிலருக்கோ, மாதத் தவணையைவிடப் பட்டறை பில் பெரிதாகிவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதிர்ஷ்டம் அல்ல. வாங்குவதற்கு முன் எதைக் கேட்டோம், எதைப் பார்த்தோம் என்பதில்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

சொகுசு கார்களின் விலை முதல் சில ஆண்டுகளில் மிக வேகமாக இறங்கும். உத்தரவாதக் காலம் முடிந்ததும், முதல் உரிமையாளர் பெரும்பாலும் விற்றுவிடுவார். அடுத்த பெரிய பழுதுக்கான செலவு யார் தலையில் விழும் என்பது சந்தைக்குத் தெரியும். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். சாலை வரி, உதிரிபாகம், டயர், பிரேக் எல்லாமே அந்தக் கார் புதிதாக இருந்தபோது எந்தத் தரத்தில் இருந்ததோ, அதே தரத்துக்கான விலையில்தான் இன்றும் இருக்கும்.

குடும்பத்துக்கு எது வசதி, எது சிரமம்?

வசதிகள் உண்மையானவை. நெடுஞ்சாலையில் நிலையாக ஓடும். தீபாவளிக்கு ஈப்போ, பினாங்கு என்று மணிக்கணக்கில் போனாலும் பின்னால் இருப்பவர்களுக்கு அவ்வளவு அலுப்பு தெரியாது. பெட்டிகள் வைக்கப் பின்பகுதியில் நல்ல இடம் இருக்கும்.

சிரமங்களையும் பாருங்கள்.

• மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ செடான்களில் எஞ்சினின் விசை பின் சக்கரத்துக்குப் போகும். அதனால் பின் இருக்கையின் நடுவே தரையில் ஒரு மேடு இருக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால், நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் போதாது.

• செடானில் தாழ்ந்து உட்கார வேண்டும். மூட்டுவலி உள்ள பாட்டி, தாத்தாவை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

• பல பிஎம்டபிள்யூ கார்களில் மாற்று டயர் கிடையாது. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களே இருக்கும். அவற்றின் விலை சாதாரண டயரைவிட அதிகம். இரவு நேரத்தில், சின்ன ஊரில் அதே அளவு கிடைப்பதும் கஷ்டம்.

சாலை வரி: பின்னால் ஒட்டிய எண்ணை நம்பாதீர்கள்

தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள செடான் காருக்கு எஞ்சினின் சிசி அளவை வைத்துச் சாலை வரி கணக்கிடப்படுகிறது. சிசி ஏற ஏற, ஒவ்வொரு சிசிக்கும் கட்டும் தொகையும் கூடும். ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

• 1,796 சிசி: 278.40 ரிங்கிட்
• 1,998 சிசி: 379 ரிங்கிட்
• 2,497 சிசி: 877 ரிங்கிட்
• 2,996 சிசி: 2,120 ரிங்கிட்
• 3,498 சிசி: 4,371 ரிங்கிட்

சபா, சரவாக்கில் கட்டணம் வேறு, குறைவு. ஆனால் கார் எவ்வளவு பழையதானாலும் அதற்காக இந்த வரி குறையாது.

பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. 2010-இல் வந்த பிஎம்டபிள்யூ எஃப்10 தலைமுறையின் 528ஐ மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்ததில் ஆறு சிலிண்டர் கொண்ட 2,996 சிசி எஞ்சின். பிறகு வந்ததில் நான்கு சிலிண்டர் கொண்ட 1,997 சிசி டர்போ எஞ்சின். இரண்டிலும் அதே '528ஐ' எழுத்துதான். சாலை வரியோ ஒன்றுக்கு 2,120 ரிங்கிட், இன்னொன்றுக்கு 378.50 ரிங்கிட். கிராண்டில் எழுதியிருக்கும் சிசி அளவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எந்த மாடலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு மாடலுக்கும் பெயர்போன பலவீனம் ஒன்று உண்டு. அது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொண்டு கேட்டால், விற்பவர் சுலபமாகச் சமாளிக்க முடியாது.

மெர்சிடிஸ் இ-கிளாஸ் டபிள்யூ211, 2002 முதல் 2009 வரை தயாரானது. 2006-இல் தோற்றம் புதுப்பிக்கப்படுவதற்கு முந்தைய கார்களில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் அமைப்பு இருந்தது. எத்தனை தடவை பிரேக் அழுத்தப்பட்டது என்பதை அது எண்ணிக்கொண்டே வரும். வரம்பைத் தொட்டதும் எச்சரிக்கை விளக்கு எரியும், அந்தப் பாகத்தை மாற்றச் சொல்லும். செலவு சின்னதல்ல. 2006-க்குப் பிந்தைய கார்களில் வழக்கமான பிரேக் அமைப்புதான் இருக்கிறது. ஆகவே இந்தத் தலைமுறையில் வாங்குவதானால் பிந்தையதைத் தேடுங்கள்.

அதே காலத்து தொடக்க வி6 எஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் சீக்கிரம் தேயும் குறை இருந்தது. அதைச் சரி செய்ய எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். 1.8 லிட்டர் எஞ்சினில் டைமிங் செயின் நீளும் பிரச்சினை வரலாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது சலசலவென்று சத்தம் கேட்டால் உஷாராகுங்கள்.

பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் வால்வு கவர், எண்ணெய் ஃபில்டர் ஹவுசிங் ஆகியவற்றின் கேஸ்கட் வழியே எண்ணெய் கசிவது சகஜம். மின்சாரத்தில் இயங்கும் தண்ணீர் பம்ப்பும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மேலே சொன்ன நான்கு சிலிண்டர் டர்போவில் சாலை வரி மிச்சம்தான். ஆனால் அதன் தொடக்கக் கால எஞ்சின்களில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகம் உடையக்கூடியது. செயின் மாற்றப்பட்டதா, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றியும் கேட்க வேண்டும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை' என்று சில கார் நிறுவனங்கள் சொல்லியிருந்தன. ஆனால் பிஎம்டபிள்யூவுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, பயன்பாட்டைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. ரப்பர் புஷ்கள் வெடிக்கும். குளிரூட்டும் அமைப்பின் பிளாஸ்டிக் குழாய்கள் நொறுங்கும். கூரைத் துணி பசை விட்டுத் தொங்கும். பத்து வயதைத் தாண்டிய காரில் இவை வரத்தான் செய்யும். அதற்கு ஏற்ப விலை பேசுங்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம், ஆனால் விசாலமான கார் வேண்டும் என்பவர்களுக்கு டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கோர்ட் இருக்கின்றன. பேனட்டில் நட்சத்திரம் இருக்காது. ஆனால் எந்த ஊர் பட்டறையிலும் கை வைப்பார்கள், உதிரிபாகமும் கிடைக்கும். 2.0 லிட்டர் கேம்ரிக்குச் சாலை வரி 379 ரிங்கிட்தான்.

காப்புறுதி: பலர் கவனிக்காத 40 விழுக்காடு

விபத்து நடந்து பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போட்டால், கார் முன்பைவிட மேம்பட்டதாகக் காப்புறுதி நிறுவனம் கருதும். அந்த மேம்பாட்டுக்கான பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். இதற்கு 'பெட்டர்மெண்ட்' என்று பெயர். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதும் அதற்கு மேலும் ஆன காருக்கு 40 விழுக்காடு வரை போகும்.

எடுத்துக்காட்டாக, முன்விளக்கும் பம்பரும் சேர்த்துப் புதிய பாகங்களின் விலை 10,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 12 வயதுக் காராக இருந்தால் அதில் 4,000 ரிங்கிட் வரை உங்கள் கையிலிருந்து போகலாம். 'முழுக் காப்புறுதி எடுத்திருக்கேன், கவலை இல்லை' என்று நினைத்திருப்பவர்களுக்கு இது பேரிடி. கூடுதல் கட்டணத்தில் இந்தப் பங்கைத் தள்ளுபடி செய்யும் வசதி கிடைக்குமா என்று, காரை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். மிகப் பழைய கார்களுக்கு முழுக் காப்புறுதி தரச் சில நிறுவனங்கள் தயங்கும். அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு: ஏர்பேக்கைக் கட்டாயம் பாருங்கள்

பழைய காரில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. தக்காத்தா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில், அதை ஊதும் உலோகக் குடுவையே வெடித்துத் துண்டுகள் சிதறும் அபாயம் இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில், வருடம் ஆக ஆக ஆபத்து கூடும். நம் நாடு அப்படிப்பட்டதுதான். 2014-இல் சரவாக், சிபுவில் நடந்த ஒரு விபத்தில் இதனால் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார்.

ஹோண்டா, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் என்று பல நிறுவனங்களின் கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றித் தருவது இலவசம். காரின் சேசிஸ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலோ சேவை மையத்திலோ கொடுத்தால், மாற்ற வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். அதைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின் இருக்கையில் இருக்கின்றனவா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை

• எஞ்சின் சூடாவதற்கு முன் போய்ச் சேருங்கள். 'சூடு பண்ணி வச்சிருக்கேன்' என்று விற்பவர் சொன்னால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

• சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை, இருக்கையின் அடி போல்ட்டில் துரு, கம்பளத்தில் ஊசல் வாடை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் ஏராளமான கார்கள் மூழ்கியது நினைவிருக்கும்.

• டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும்.

• மீட்டர் காட்டும் கிலோமீட்டரைச் சர்வீஸ் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். ரசீதே இல்லையென்றால் மீட்டரையும் நம்ப வேண்டாம்.

• பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் காரின் எஞ்சின் எண், சேசிஸ் எண் சரியா என்பது தெரியும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியாது. அதற்கு, விற்பவரோடு தொடர்பில்லாத, அந்த ரகக் கார்களைப் பார்க்கும் பட்டறையில் தனியாகக் காட்டிப் பாருங்கள். அங்கே ஸ்கேனரும் வைத்துப் பார்ப்பார்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கையில் உள்ள பணம் முழுவதையும் காரிலேயே போடாதீர்கள். 50,000 ரிங்கிட் உங்கள் வரம்பு என்றால், 40,000 ரிங்கிட்டுக்குள் காரை முடித்துவிட்டு மீதியைப் பழுதுக்கென ஒதுக்கி வையுங்கள். முதல் ஆண்டிலேயே அதில் ஒரு பங்கு போகும். திரவங்கள், டயர், பேட்டரி, புஷ் என்று வரிசையாக வரும்.

வீட்டில் இன்னொரு வாகனம் இருந்தால், இந்தக் கார் மூன்று நாள் பட்டறையில் கிடந்தாலும் சமாளிக்கலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வேலைக்குப் போவது எல்லாமே இந்த ஒரு காரில்தான் என்றால், அல்லது மாதத் தவணை கட்டியதும் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றால், கேம்ரியோ புதிய சிறிய காரோ எடுப்பதே நிம்மதி. தவணை எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். பட்டறை பில் அப்படியல்ல, அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.