ஜே-கே-எல் விசைகள் (படத்தொகுப்பு)

ஜே-கே-எல் என்பது கணினிவழிப் படத்தொகுப்பில் காட்சியை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படும் மூன்று விசைகளின் தொகுதி. ஜே பின்னோக்கி ஓட்டும்; கே நிறுத்தும்; எல் முன்னோக்கி ஓட்டும். எல் விசையை அடுத்தடுத்துத் தட்டத் தட்ட வேகம் கூடும். கே விசையை அழுத்தியபடி எல் விசையையும் பிடித்தால் படம் மெதுவாக ஊரும். கே விசையை விடாமல் எல் விசையை ஒருமுறை தட்டினால் ஒரே ஒரு பிரேம் நகரும். ஷாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ஐ, ஓ விசைகள் இவற்றுக்கு நேர் மேல்வரிசையில் இருப்பதால் வலக்கை இடம்பெயர வேண்டியதில்லை.

இந்த வசதியின் வேர் ஃபிலிம் காலத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் பிறந்த இவான் செருரியர் 1917 வாக்கில் அமெரிக்காவில் வீட்டில் படம் பார்ப்பதற்கான ஒரு கருவியை வடிவமைத்தார். விலை அதிகம் என்பதால் விற்பனை சூடுபிடிக்கவில்லை. அதையே 1924இல் எடிட்டர்களுக்கு ஏற்ப மாற்றினார். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ஸ்டுடியோ முதலில் வாங்கியது. அதுவே மூவியோலா. அதுவரை ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டியவர்கள், இனி மிதிகட்டையைக் காலால் அழுத்திப் படத்தை ஓட்டிப் பார்த்தே வெட்ட முடிந்தது. பின்னர் வந்த ஸ்டீன்பெக், கெம் போன்ற மேசை வடிவக் கருவிகளில் கை, வேகத்தை நினைத்தபடி கூட்டிக் குறைத்தது. ஓட்டுவதும் நிறுத்துவதும் உடலின் பழக்கமாகிவிட, கண் படத்தைவிட்டு அகலாமல் இருந்தது.

கணினி வந்தபோது இந்தப் பழக்கம் உடனே கைமாறவில்லை. சிபிஎஸ், மெமோரெக்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் 1971இல் வெளிவந்த சிஎம்எக்ஸ் 600, கறுப்பு-வெள்ளைப் படத்தை வட்டுகளில் ஏற்றி, திரையை ஒளிப்பேனாவால் தொட்டு வெட்டச் செய்தது. எடிட்டரின் விரல்களை விசைப்பலகைக்குப் பழக்கியதில், 1989இல் மெக்கின்டோஷ் கணினியை அடிப்படையாகக் கொண்டு வந்த அவிட் கருவிக்குப் பங்குண்டு. தமிழில் கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) அவிட் கொண்டு தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. வால்டர் மர்ச், 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' (1996) படத்தைத் தொகுக்கும் வழியில் ஃபிலிமிலிருந்து அவிட்டுக்கு மாறி, படத்தொகுப்புக்கான ஆஸ்கரையும் பெற்றார். லைட்வொர்க்ஸ் என்ற கணினித் தொகுப்புக் கருவி ஸ்டீன்பெக் பாணிக் கைப்பிடியை விடாமல் வைத்திருந்தது. தெல்மா ஷூன்மேக்கர் 'தி டிபார்ட்டட்' (2006) படத்தைத் தொகுத்தது அதில்தான்.

துல்லியம் என்பது இங்கே மிகச் சிறிய அளவு. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் ஏறத்தாழ 42 மில்லிவினாடி. மவுஸால் டைம்லைனில் அந்த இடத்தைத் தேடுபவரின் பார்வை நடிகரின் முகத்தைவிட்டுக் கோடுகளுக்குப் போய்விடுகிறது. விசைகளோ பார்வையை முகத்திலேயே நிறுத்துகின்றன. ஆகவே நுட்பமான வெட்டுக்கு விசைப்பலகையே உரியது.

ஒலியில் இதன் பயன் இன்னும் தெளிவு. கே-எல் சேர்த்து மெதுவாக ஓட்டும்போது வசனமும் இழுபட்டுக் கேட்கும். 'பாட்டி' என்ற சொல்லில் பகரம் வெடிப்பதற்கு முன் உதடுகள் மூடிய ஒரு சிறு மௌனம் உண்டு. டகரத்துக்கு முன்னும், நாக்கு மேலண்ணத்தை அடைத்து நிற்கும் ஒரு மௌனம் உண்டு. சாதாரண வேகத்தில் காதுக்குப் பிடிபடாத அந்த இடைவெளி மெதுவான ஓட்டத்தில் விரிந்து நிற்கும். அங்கே வெட்டினால் இரண்டு டேக்குகளின் வசனத்தை ஒட்டியது தெரியாது. வல்லினம் இரட்டித்து வரும் இடங்கள் எடிட்டருக்கு இப்படிக் கைகொடுக்கும்.

மூன்று விசைகளும் எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, மற்றவை வேறுபடுகின்றன. அடோபி பிரீமியரில் காற்புள்ளி விசை ஷாட்டை இடையில் செருகும். ஃபைனல் கட் புரோவில் அதே விசை தேர்ந்தெடுத்த ஷாட்டை ஒரு பிரேம் இடப்பக்கம் நகர்த்தும். க்யூ விசை முன்னதில் ஷாட்டின் முன்பகுதியைக் கத்தரித்து இடைவெளியை மூடும். பின்னதில் புதிய ஷாட்டை மேலே இணைக்கும். மென்பொருள் மாறுவோர் முதல் வாரத்தில் திணறுவது இதனால்தான். டாவின்சி ரிசால்வ், பிற மென்பொருள்களின் விசை அமைப்புகளையும் தேர்ந்துகொள்ள விடுகிறது.

தற்போது பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ஸ்பீட் எடிட்டர் போன்ற தனி விசைப்பலகைகளும் புழக்கத்தில் உள்ளன. யூடியூபில் ஜே, எல் விசைகள் காணொலியை 10 வினாடி பின்னும் முன்னும் நகர்த்துகின்றன, கே நிறுத்துகிறது.