பேராக் ஆறும் நான்கு அணைகளும்

'அணைகளின் பயன் யாது?' என்று கேட்டால் நம் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது ஒரே வரிதான்: மின்சாரம் தயாரிக்கவும் வெள்ளத்தைத் தடுக்கவும். நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. மின்சாரத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதே அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரே ஏரி ஒரே நேரத்தில் நிறைந்தும் காலியாகவும் எப்படி இருக்கும்? பேராக் ஆற்றின் அணை வரலாறு முழுக்க இந்த இழுபறிதான்.

தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைக்காடுகளில் பிறந்து, சுமார் 400 கிலோமீட்டர் ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கும் ஆறு இது. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளம். மேலிருந்து கீழாக நான்கு அணைகள்: தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ. இந்த வரிசையை மாணவர்கள் மனப்பாடம் செய்யட்டும், தப்பில்லை. ஆனால் கட்டிய வரிசை இதுவல்ல. கடைசியில் நிற்கும் செண்டரோதான் எல்லாவற்றுக்கும் மூத்தது.

செண்டரோவின் கதை ஈயத்தின் கதை. 1920களில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் ராட்சத மிதவை இயந்திரங்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. அதற்காகவே பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தோன்றியது. அதே காலத்தில்தான், 1926 டிசம்பர் கடைசியில், நாட்டையே உலுக்கிய பெருவெள்ளம் வந்தது. ஆனாலும் செண்டரோ வெள்ளத்துக்காகத் திட்டமிட்ட அணை அல்ல, சுரங்கத்துக்காகக் கட்டியது. மின்சாரம் வரத் தொடங்கிய நேரம் பாருங்க, உலகப் பொருளாதார மந்தம்! ஈய விலை சரிந்தது. 1931இல் ஈய உற்பத்திக்கு அனைத்துலகக் கட்டுப்பாடும் வந்தது. யாருக்காக அணை கட்டினார்களோ அந்தச் சுரங்கங்களே பல மூடிக்கிடந்தன. 'காலனித்துவப் பொருளாதாரம் ஒரே பொருளை நம்பியிருந்தது' என்று பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

செண்டரோ ஏரி சிறியது. வருகிற நீரை அவ்வப்போது சுழலிகளில் விட்டு மின்சாரம் எடுக்கலாமே தவிர, ஒரு பெருமழையை விழுங்கி வைக்க அதனால் முடியாது. 1967 ஜனவரி வெள்ளத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதி மீண்டும் மூழ்கியது. தெலுக் ஆன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தானின் மூத்தவர்களைக் கேளுங்கள், இன்றும் சொல்வார்கள்.

பெரிய ஏரி 1970களின் இறுதியில்தான் கிடைத்தது. கிரிக் நகருக்கு மேலே, 127 மீட்டர் உயரத்தில் தெமெங்கோர் அணை எழுந்தது. ஏரியின் பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். கட்டிய காலம் சாதாரணக் காலம் அல்ல. கம்யூனிஸ்டுப் போராளிகள் அந்தக் காடுகளில் நடமாடினார்கள்; 1974இல் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலைக்கான இயந்திரங்களைத் தாக்கி அழித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கியது அரசாங்கத்துக்குப் பாதுகாப்பு வகையிலும் லாபமாகவே இருந்தது.

லாபம் எல்லாருக்கும் இல்லை. காலங்காலமாக அங்கே வாழ்ந்த தெமியார், ஜாஹாய் பூர்வகுடி மக்கள் கெமார், பானுன் போன்ற மறுகுடியமர்வு இடங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். மீன் பிடித்த ஓடையும், வேட்டையாடிய காடும், முன்னோரைப் புதைத்த மண்ணும் தண்ணீருக்கு அடியில் போயின. 'அணையின் விளைவுகள்' என்ற கேள்விக்கு நன்மைகளை மட்டும் எழுதும் மாணவருக்கு இதை அவசியம் சொல்லிக் கொடுங்கள்.

1980களின் முதல் பாதியில் நடுவே பெர்சியாவும் கெனெரிங்கும் சேர்ந்தன. இன்று மின்திறன் தெமெங்கோர் 348, கெனெரிங் 120, பெர்சியா 72, செண்டரோ 40.5 மெகாவாட். மொத்தத்தில் சுமார் அறுபது விழுக்காடு தெமெங்கோரில்தான். ஒரு கணக்கு: ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் கீழே விழுந்தால் ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம். ஏரி மட்டம் இறங்க இறங்க விழும் உயரம் குறையும். அதே நீருக்குக் கிடைக்கும் மின்சாரமும் குறையும். அதனால்தான் மின்நிலையத்தார் ஏரியை உயரமாக வைத்திருக்க ஆசைப்படுவார்கள். மேலே விட்ட நீர் வீணாவதும் இல்லை. அடுத்தடுத்த மூன்று நிலையங்களிலும் அதே நீர் மறுபடி மறுபடி வேலை செய்கிறது.

ஆனால் விடுவதில் கவனம் வேண்டும். மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது தெமெங்கோர் நிறைய விடும். தேவை குறைந்தால் அடக்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே ஆற்றில் இறங்கினால் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து, குடிநீர் எடுப்போருக்கும் வயலுக்கு நீர் பாய்ச்சுவோருக்கும் சிரமம். கீழேயுள்ள பெர்சியா அந்தத் துடிப்பை வாங்கிச் சமன்செய்து விடுகிறது. ஆகவே ஒரு மதகைத் திறப்பவர் தன் அணையை மட்டும் பார்த்தால் போதாது. கீழே மூன்று ஏரிகளிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் திறக்க முடியும்.

சிக்கலான மாதங்கள் ஆண்டுக் கடைசிதான். மழை கொட்டும் என்று நினைத்து ஏரியை முன்கூட்டியே இறக்கிவிட்டு மழை பொய்த்தால் அடுத்த வறட்சியில் மின்சாரத்துக்கும் நீருக்கும் தட்டுப்பாடு. இறக்காமல் விட்டு மழை கொட்டினால், ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஆற்றில் மேலும் நீரைத் திறந்துவிடும் நிலை. எந்த முடிவானாலும் மழைக்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் தெலுக் இந்தான் பக்கம் ஏன் இன்னும் வெள்ளம் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். செண்டரோவுக்குக் கீழே புளூஸ் ஆறு வந்து சேர்கிறது, இன்னும் கீழே கிந்தா ஆறு, அதற்கும் கீழே பாத்தாங் பாடாங். இந்த மூன்றும் கொண்டுவரும் நீர் அந்த நான்கு அணைகளின் பிடியில் இல்லை. கடலில் ஓதம் ஏறிய நேரமாக இருந்தால் ஆற்றுநீர் வடியவும் தாமதமாகும். அவள் பென்சிலால் நான்கு அணைகளையும் குறித்துவிட்டு, கீழே மூன்று ஆறுகளுக்கும் நீல வண்ணம் தீட்டிக்கொண்டாள்.