இடுப்பு எலும்பு முறிவு: அறுவை சிகிச்சையை எத்தனை நாள் தள்ளிப் போடலாம்?

வயதான உம்மாவோ வாப்பாவோ குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் இது தொடை எலும்பின் மேல்முனை முறிந்ததற்கான அடையாளம். இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. மருத்துவர் அதைச் சொன்னதும் நம் வீடுகளில் எழும் பேச்சு நாம் அறிந்ததே. "இந்த வயதில் ஆபரேஷன் தேவையா? கட்டுப் போட்டுப் பார்ப்போம்." "சவூதியிலிருந்து பெரியவன் வந்துவிடட்டும்." "பெருநாள் கழியட்டும்." இப்படியே நான்கைந்து நாட்கள் ஓடிவிடுகின்றன.

காத்திருக்கும் நாட்களில் நடப்பது என்ன?

எலும்பு முறிந்தவர் புரண்டு படுக்கவும் முடியாமல் மல்லாந்தே கிடக்கிறார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம். காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கலாம். படுக்கைப்புண் தொடங்கலாம். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து மனக்குழப்பம் உண்டாகி, பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போகலாம். முறிந்த எலும்பைவிட உயிருக்கு ஆபத்தானவை இவையே.

எவ்வளவு விரைவாக?

மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்பது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு வகுத்த வழிகாட்டுதல்.

அதற்காக மணிக்கணக்குப் பார்த்துப் பதறவும் வேண்டாம். 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2020இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறிவு உறுதியான சுமார் 6 மணி நேரத்திலும், மறு பிரிவினருக்குச் சுமார் 24 மணி நேரத்திலும் சிகிச்சை நடந்தது. 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் முறையே 9, 10 சதவீதம். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் முந்திச் செய்துகொண்டவர்களிடம் மனக்குழப்பம் குறைவாக இருந்தது. அவர்கள் விரைவில் எழுந்து நின்றார்கள். பிந்தியவர்களும் ஏறத்தாழ ஒரே நாளில் சிகிச்சை பெற்றவர்கள்தாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எந்தத் தாமதம் சரியானது?

இதயம் பலவீனமாக இருப்பது, கடும் இரத்தசோகை, உடலில் உப்புச் சத்து குறைந்திருப்பது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது போன்றவற்றைச் சரிசெய்ய மருத்துவர் அவகாசம் கேட்டால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. முடிவெடுக்க ஆளில்லாமல் கழியும் நாட்கள் அப்படியல்ல.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

• விழுந்தவரை நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் தடவி உருவாதீர்கள்.
• அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.
• காப்பீட்டு அட்டை, ஆதார் அட்டை இரண்டையும் முதல் நாளே கொடுத்து விசாரியுங்கள்.
• "எப்போது ஆபரேஷன்? தாமதம் என்றால் எதற்காக?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.
• வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் வீடியோ அழைப்பில் பேசி முடிவெடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு பணிவிடை செய்ய அவர் வந்து சேரட்டும்.

மிகவும் தளர்ந்துபோன சிலருக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவரே சொல்லலாம். மற்றபடி நோயாளி நினைவோடு இருந்தால் அவருக்கு விளக்கிச் சொல்லி, அவருடைய விருப்பத்தையே முதலில் கேட்க வேண்டும். பலர் கேட்பது, மீண்டும் எழுந்து தாமாகக் கழிவறைக்குப் போக முடியுமா என்பதுதான். அந்த வாய்ப்பு முதல் இரண்டு நாட்களில் அதிகம்.