கடலூர்ப் போரும் கடலோவியமும்

கடலூருக்கு எதிரே 1783 ஜூன் 20 அன்று நடந்த கடற்போரை, பிரெஞ்சுக் கடலோவியர் ஒகுஸ்த் ஜுகுலே 1836இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். போர் முடிந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த படம் இது. அதைக் கண்சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

பிரான்சில் கடலோவியத்துக்கு அரண்மனை ஆதரவு முன்பே இருந்தது. நாட்டின் துறைமுகங்களை வரையும்படி 1753இல் பதினைந்தாம் லூயி ழோசேப் வெர்னேயைப் பணித்தார். 15 பெரிய படங்கள் கிடைத்தன. அந்த மரபில் வந்த கடலோவியர் தியோதோர் குதேன்தான் ஜுகுலேயின் ஆசிரியர். பழைய வெற்றிகளைச் சுவரில் மாட்ட விரும்பிய லூயி பிலிப் மன்னர், 1837இல் வெர்சாய் அரண்மனையை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தார். கடற்போர்ப் படங்களுக்கு அப்போது நல்ல கிராக்கி.

போரின் கதை படத்தைவிடச் சுவையானது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சூஃப்ரன் வசம் 15 போர்க்கப்பல்கள். ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸிடம் 18. மாலுமிகள் போதாமல், கரையில் ஆங்கிலேயரின் முற்றுகைக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையிலிருந்து சுமார் 1,200 பேரைச் சூஃப்ரன் கப்பலேற்றினார். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிற்பகலில் தொடங்கிய சண்டை இருட்டியதும் ஓய்ந்தது. குடிநீர்த் தட்டுப்பாட்டாலும் ஸ்கர்வி நோயாலும் தவித்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்துசேர்வதற்குள் இத்தனை உயிர்கள் போய்விட்டன.

எதிரணியான ஆங்கிலேயருக்கும் ஓர் ஓவியர் உண்டு: டொமினிக் செர்ரெஸ். பிரான்சின் ஓஷ் நகரில் பிறந்து, 1780இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கடலோவியரானவர். சூஃப்ரனும் ஹியூஸும் முந்தைய ஆண்டில் மோதிய சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் போர்களை ஹியூஸின் பக்கமிருந்து வரைந்தார். ஒரே கடலை இரு அணிகளுக்காகவும் தீட்டியவை பிரான்சில் பிறந்த கைகள்தான்.

இரண்டு தரப்புப் படங்களிலும் இல்லாதது பம்பாய். 1782 இறுதியில் ஹியூஸ் தன் கப்பல்களை அங்கேதான் செப்பனிட்டார். 1750 வாக்கில் முடிந்த உலர் கப்பல்துறை, சூரத்திலிருந்து 1736இல் வந்த லவ்ஜி வாடியா வளர்த்த பார்சித் தச்சர் மரபு, இரண்டும் ஆங்கிலேயருக்குப் பெரும் பலம். அந்த வசதி இல்லாத சூஃப்ரன் மழைக்காலத்தைச் சுமத்திராவின் அச்சேயில் கழித்தார். பம்பாயில் லயன் கேட்டுக்கு உள்ளே, கடற்படை வளாகத்தில் அந்தப் பழைய கப்பல்துறை இருக்கிறது.

பழைய எண்ணெய் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்பூச்சான வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். அதன் வழியே நீலக்கடல் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையை வங்கக் கடலின் நிறம் என்று நம்பிவிடக் கூடாது.