வாய்க்கால் வெட்டியவன் எங்கே?

வாய்க்கால் என்கிறோம். ஏரியிலோ ஆற்றிலோ நீர் புறப்படும் திறப்பு, வாய். அது ஓடும் வழி, கால். இரண்டும் தமிழ், இரவல் இல்லை.

சோழர் கல்வெட்டுகள் வாய்க்காலைக் காட்டியே வயலுக்கு எல்லை வகுத்தன. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் முதலாம் இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கி இன்றும் ஓடுகிறது. வெட்டியவன் பெயர்? கூலியின்றி வாங்கிய உழைப்புக்குக் கல்வெட்டில் ஒரு சொல் உண்டு: 'வெட்டி'!

பராந்தகன் காலத்து உத்தரமேரூர், 921-இல் ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தது. பெருமைதான், மறுக்கவில்லை நாம். ஆயினும் அந்த வாரியத்தில் அமர நிலம் வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். மண் சுமந்த தோளுக்கு அங்கு இடமேது?

தோழர்களே, குடவோலையைப் போற்றுவோம். குடத்துக்குள் இடம்பெறாத பெயர்களையும் கேட்போம்!